வானலை யாருக்குச் சொந்தம்?

வானொலியையும் தொலைக்காட்சியையும் பற்றி எங்கள் ஏடுகளில் எழுதப்படும்போது வழமையாக ஒரே கேள்விதான் எழும். கேட்கலாமா, கூடாதா? பார்க்கலாமா, கூடாதா? தேவையான கேள்விதான். உலமாக்கள் பலர் அதற்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. மக்கள் விரும்பும் ஒரு நிகழ்ச்சி பொது ஒலிபரப்பை விட்டுத் தனியார் அலைவரிசைக்குக் குடிபெயர்ந்தால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்?

"இதில் என்ன நட்டம் இருக்கிறது? அங்கே வந்தது இங்கே வருகிறது. பொத்தானை அழுத்தினால் ஆயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. பொத்தான் இருக்கிற வீட்டுக்கு அது சரி. பொத்தானே இல்லாத வீட்டுக்கு? அந்த நிகழ்ச்சியை நம்பி அதே நிலையத்தில் வாழ்ந்துகொண்டிருந்த சிறிய நிகழ்ச்சிகளுக்கு? இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே கூரையின் கீழ்

இலங்கையில் வானொலி 1925 டிசெம்பரில் கொழும்பில் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய ஒலிபரப்புகளுள் அதுவும் ஒன்று. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1967 ஜனவரியில் அது ஒரு கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. பெயர் எத்தனை முறை மாறினாலும் எங்கள் மக்களின் வாயில் அது 'இலங்கை வானொலி'தான்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் கொள்ள வேண்டும். பொது ஒலிபரப்பு என்றால் விளம்பரமே இல்லாதது என்று சிலர் நினைக்கிறார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் சோப்பு, தேயிலை, துணிக்கடை விளம்பரங்கள் தாராளமாக வந்தன. வித்தியாசம் விளம்பரம் இருப்பதிலோ இல்லாததிலோ இல்லை. அந்த வருமானம் எந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் இருந்தது. வர்த்தக சேவை, தேசிய சேவை, கல்விச் சேவை, முஸ்லிம் சேவை எல்லாம் ஒரே ஸ்தாபனத்தின் பிள்ளைகள். உழைக்கிற பிள்ளையும் படிக்கிற பிள்ளையும் நோயாளிப் பிள்ளையும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிடுவது போன்ற ஏற்பாடு அது.

பணத்தைவிடப் பெரிய இன்னொரு நன்மையும் இருந்தது. கூட்டம். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீட் போன்றோரின் குரலுக்காக வானொலியைத் திறந்தவர்கள் அதை உடனே மூடிவிடுவதில்லை. பாட்டு முடிந்தால் செய்தி வரும். செய்தி முடிந்தால் மரண அறிவித்தல் வரும். மீனவர்களுக்கான வானிலை வரும். ஒரு நாடகம் வரும். பாட்டுக்கு வந்த செவி இவற்றையும் கேட்டுவிட்டே போனது.

முஸ்லிம் சேவையை நம் வீடுகளில் அறியாதவர் இருக்க முடியாது. கிராஅத், ஹதீஸ் விளக்கம், இஸ்லாமிய கீதம், மாதர் நிகழ்ச்சி, நாடகம் என்று தமிழ் மொழியில் நம் சமூகத்துக்கென்று ஓர் இடம் பொது ஒலிபரப்பில் ஒதுக்கப்பட்டது. நோன்பு காலத்தில் மக்ரிபுக்கு முன்னர் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே கூடியிருக்கும். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தில் கை போகும். பிறை 29இன் இரவில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் எடுக்கப்படும் முடிவு வானொலியில் வரும்வரை பிள்ளைகள் உறங்கமாட்டார்கள். நாளை பெருநாளா, இன்னொரு நோன்பா என்பதை ஊர் ஊராக ஒரே நேரத்தில் சொன்னது அந்தப் பெட்டிதான்.

நோன்பு மாதத்தில் இன்று தனியார் அலைவரிசைகளும் நிகழ்ச்சி நடத்துகின்றன. அனுசரணை வழங்கக் கம்பனிகள் முன்வருகின்றன. அது நல்லதே. ஆனால் நோன்பு இல்லாத மற்றப் பதினொரு மாதங்களில், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில், இருபது நிமிட ஹதீஸ் விளக்கத்துக்கு எந்தக் கம்பனி அனுசரணை தரும்? பொது ஒலிபரப்பின் பெறுமதி அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் இருக்கிறது.

கடல் கடந்த 'பாட்டுக்குப் பாட்டு'

இலங்கை வானொலியில் பிறந்து பெயர் பெற்ற நிகழ்ச்சிகளுள் 'பாட்டுக்குப் பாட்டு' முக்கியமானது. அதை நடத்தியவர் பி.எச். அப்துல் ஹமீட். ஒருவர் பாடுவார். அந்தப் பாட்டிலிருந்து ஓர் எழுத்தை அறிவிப்பாளர் எடுத்துக் கொடுப்பார். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை அடுத்தவர் முதலடியிலிருந்து பாட வேண்டும். தாமதித்தால் வாய்ப்புப் போய்விடும். சொல்லும் நினைவாற்றலும் இசையும் கலந்த போட்டி அது. பெரிய மேடை தேவையில்லை, விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்பவர்களும் தங்களுக்குள் போட்டி போடலாம். பாடசாலை வேன்களிலும் கலியாண வீடுகளிலும் பிள்ளைகள் இன்றும் இந்த விளையாட்டை விளையாடுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

1993 ஏப்ரல் 14ஆம் திகதி சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ராஜ் தொலைக்காட்சியும் பிறவும் வந்தன. அந்தப் பத்தாண்டிலேயே 'பாட்டுக்குப் பாட்டு' கடல் கடந்தது. அதே அப்துல் ஹமீட், அதே தெளிவான உச்சரிப்பு. இப்போது குரலோடு முகமும் தெரிந்தது. நிகழ்ச்சியின் பெயருக்கு முன்னால் ஒரு நகைக் கடையின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்றே தமிழ்நாட்டில் பலரும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். பின்னர் வேறு தனியார் அலைவரிசைகளிலும் அவர் நிகழ்ச்சிகள் நடத்தினார்.

இந்தப் பயணத்தில் கிடைத்த நன்மையை மறைப்பது நியாயமில்லை. இலங்கையில் பிறந்த ஒரு முஸ்லிம் அறிவிப்பாளரின் தமிழ், தமிழ்நாட்டின் வீடுகளுக்குள்ளும் செய்மதி வழியாக ஐரோப்பா, கனடா வரையிலும் போயிற்று. திரைப்படம் சார்ந்த நிகழ்ச்சியிலும் கொச்சையில்லாமல், இரட்டை அர்த்தமில்லாமல், நல்ல தமிழில் பேசலாம் என்பதை இலட்சக் கணக்கானோர் கண்டார்கள். கொழும்பின் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அடங்கிய அந்தக் கலை இவ்வளவு தூரம் போனதில் எங்களுக்கும் பெருமைதான். திறமைசாலி ஒருவர் தன் திறமைக்கு உரிய இடத்தையும் ஊதியத்தையும் தேடிப் போவதை யாரும் குறைசொல்ல முடியாது.

நட்டம் எங்கே என்றால், அது பிறந்த மண்ணில். அக்காலத்து வன்னியை எண்ணிப் பாருங்கள். 1990களில் வன்னிக்குப் போகும் பொருட்களுக்குத் தடை இருந்தது. அந்தத் தடையில் பற்றரியும் அடங்கும். மின்சாரம் கிடையாது. அங்கே வாழ்ந்த மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியைப் பாட வைத்தார்கள். ஒருவர் சுற்றுவார், பத்துப் பேர் கேட்பார்கள். சுற்றுபவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

முல்லைத்தீவு முஸ்லிம்கள் அப்போது அங்கே இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவு நகர், தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று எல்லா இடங்களிலிருந்தும் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வீடும் வயலும் கடலும் பறிபோயின. ஆனால் வானொலியைத் திறந்தால் முஸ்லிம் சேவையில் அதே கிராஅத் கேட்டது. தடைக்கு உள்ளே டைனமோ சுற்றிய தமிழ் அயலவரும், தடைக்கு வெளியே அகதியாக இருந்த முஸ்லிமும் ஒரே நேரத்தில் ஒரே நிலையத்தைக் கேட்க முடிந்தது. பிரிக்கப்பட்ட இரண்டு சமூகங்களுக்கு இடையே அறுபடாமல் இருந்த சில இழைகளில் அதுவும் ஒன்று.

அதே காலத்தில்தான் மக்கள் விரும்பிய நிகழ்ச்சிகள் டிஷ் அன்ரனாவும் கேபிளும் உள்ள வீடுகளை நோக்கி நகர்ந்தன. சைக்கிள் டைனமோவில் செய்மதித் தொலைக்காட்சி ஓடாது. ஓலைக் கொட்டிலின் கூரை டிஷ்ஷைத் தாங்காது. ஒரு நிகழ்ச்சி கட்டணச் சுவருக்கு அப்பால் போகும்போது முதலில் வெளியே நிற்பவர்கள் யார் என்பதை எங்கள் மாவட்டத்தின் கதை தெளிவாகச் சொல்கிறது.

'ஒளியும் ஒலியும்' போன பின் 'வயலும் வாழ்வும்'

தமிழ்நாட்டில் நடந்ததும் இதேதான். சென்னைத் தூரதர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் 'ஒளியும் ஒலியும்' என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை மாலைகளில் தெருவையே வெறிச்சோட வைக்கும் என்பார்கள். தொலைக்காட்சி உள்ள ஒரு வீட்டில் பத்து வீட்டுப் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து பார்த்த காலம். அதே நிலையத்தில்தான் விவசாயிகளுக்கான 'வயலும் வாழ்வும்' வந்தது. நெல்லுக்கு வரும் நோயையும் உரத்தின் அளவையும் பற்றிப் பேசும் நிகழ்ச்சி. அதற்காக மட்டும் யாரும் தொலைக்காட்சி வாங்கியிருக்க மாட்டார்கள். பாட்டுக்காக வாங்கிய பெட்டியில் விவசாயப் பாடமும் வந்தது.

சன் தொலைக்காட்சி வந்ததும் பாட்டுக்கு வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. தொடர் நாடகங்களும் இடம் மாறின. இயக்குநர் கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' தூரதர்ஷனில் வந்தது. அவருடைய நிறுவனம் தயாரித்த 'மர்மதேசம்' 1990களின் நடுப்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்து ஊரைக் கலக்கியது. தூரதர்ஷனில் எஞ்சியவற்றுள் ஒன்று 'வயலும் வாழ்வும்'. பயனில் அது ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கூட்டம்தான் எழுந்து போய்விட்டது.

எங்கள் நாட்டிலும் 1998இல் சக்தி, சூரியன் ஆகிய தனியார் தமிழ் பண்பலைகள் தொடங்கின. அதே ஆண்டில் சக்தி தொலைக்காட்சியும் வந்தது. இலங்கை வானொலியில் பயின்ற பலர் அங்கே சென்றார்கள். அவர்களோடு கேட்போரும் போனார்கள்.

ஏன் போகின்றன?

பணம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். மற்றப் பாதி பொது ஒலிபரப்பை நடத்தியவர்களிடம் இருக்கிறது. இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு, எங்கள் கொழும்பு சம்பந்தப்பட்டதே.

1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடத்தைக் குறைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? சாஸ்திரிய சங்கீதம் கேட்கத் தொடங்கவில்லை. வானொலியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியின் ஹிந்தி ஒலிபரப்பைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் கொழும்பிலிருந்து 'பினாக்கா கீத்மாலா' என்ற பாடல் வரிசை நிகழ்ச்சி தொடங்கியது. அதை நடத்திய அமீன் சயானியின் குரல் வட இந்தியா முழுவதும் வீட்டுக் குரலாயிற்று. பற்பசை விற்றவர்களுக்குக் கொள்ளை வியாபாரம். ஐந்து ஆண்டு கழித்து 1957இல் இந்திய அரசு 'விவித் பாரதி' என்ற சேவையைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு மீண்டும் இடம் கொடுத்தது. 1989இல் அந்தக் கீத்மாலாவே விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது. அமீன் சயானி 2024 பெப்ரவரியில் காலமானபோது இந்தியாவின் பிரதமர் முதல் பாமரர் வரை அவரை நினைவுகூர்ந்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. மக்களுக்கு எது நல்லது என்பதை மட்டும் பார்த்து, மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதைக் கேளாத நிலையம் மக்களை இழக்கும். அதேவேளை போனது திரும்பி வரவும் முடியும்.

நிகழ்ச்சிகள் போவதற்கு இன்னும் சில காரணங்களைச் சொல்லலாம். அரச நிலையங்களில் ஆட்சி மாறினால் நிர்வாகம் மாறும், நிர்வாகம் மாறினால் நிகழ்ச்சி மாறும். ஒரு சிறிய அனுமதிக்கு ஐந்து மேசைக்குக் கடிதம் போக வேண்டும். செய்தியில் அமைச்சர்களின் திறப்பு விழாக்கள் நீண்டுகொண்டே போகும். திறமையானவர் சலித்துவிடுவார். தனியார் நிலையத்தில் முடிவு ஒரே நாளில் கிடைக்கும். சம்பளமும் கூட. மேலும் பல நாடுகளில் நிகழ்ச்சியின் உரிமை அதைத் தயாரித்தவரிடம் இருக்கிறது, ஒளிபரப்பும் நிலையத்திடம் இல்லை. நிலையம் வாடகைக்கு வைத்திருக்கிறது என்றே சொல்லலாம். வேறொருவர் கூடுதல் வாடகை தந்தால் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இங்கிலாந்தின் கேக் போட்டி

இந்த வாடகைக் கதை மிகப் பெரிய அளவில் நடந்தது இங்கிலாந்தில். 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஓஃப்' என்று ஒரு நிகழ்ச்சி. சாதாரண மனிதர்கள் ஒரு கூடாரத்துக்குள் நின்று கேக்கும் பாணும் பேஸ்ட்ரியும் செய்து போட்டி போடுவார்கள். 2010இல் பிபிசியில் தொடங்கியது. சண்டை இல்லை, அவமதிப்பு இல்லை. தோற்றவரைக் கட்டிப்பிடித்து அனுப்புவார்கள்.

2015இல் இந்தப் போட்டியில் வென்றவர் நாதியா ஹுசைன். பெற்றோர் பங்களாதேஷிலிருந்து குடியேறியவர்கள். மூன்று பிள்ளைகளின் தாய். தலையை மறைத்த ஹிஜாபோடு கூடாரத்துக்குள் நின்றார். இறுதிப் போட்டியை ஒரு கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். முஸ்லிம் பெண் என்றாலே பயங்கரவாதச் செய்தியோடு சேர்த்துக் காட்டப்பட்ட நாட்டில், அடுப்படியில் மா பிசையும் ஒரு தாயாக அவரை ஒரு தேசமே வாரா வாரம் கண்டது. மறு ஆண்டு எலிசபெத் மகாராணியின் 90ஆவது பிறந்தநாளுக்குக் கேக் செய்யும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

2016இல் அந்த நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனம் பிபிசியோடு விலை ஒத்துப்போகாமல் 'சனல் 4' என்ற அலைவரிசைக்கு அதைக் கொடுத்துவிட்டது. மூன்று ஆண்டுக்கு 7 கோடியே 50 இலட்சம் பவுண் என்று பத்திரிகைகள் எழுதின. சனல் 4 அரசுக்குச் சொந்தமானதுதான், ஆனால் விளம்பர வருமானத்தில் வாழ்வது. பிபிசியில் ஒரு மணி நேரம் விளம்பரமே இல்லாமல் வந்த நிகழ்ச்சி, 2017 முதல் விளம்பரத்தோடு ஒன்றேகால் மணி நேரமாயிற்று. நடத்துநர்கள் இருவரும் நடுவர்களுள் மூத்தவரான மேரி பெரியும் புதிய இடத்துக்குப் போக மறுத்தார்கள். நிகழ்ச்சி அழிந்துவிடவில்லை, இன்றும் நல்ல வரவேற்போடு நடக்கிறது. ஆனால் பிபிசியில் பார்த்த அளவு கூட்டம் அங்கே வரவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். ஒரு சிறுபான்மைப் பெண்ணின் முகம் ஒரு நாட்டின் எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்தது அந்த நிகழ்ச்சி எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருந்தபோதுதான். பொது இடம் சுருங்கினால் சிறுபான்மையினர் பெரும்பான்மையினரின் கண்ணில் படுகிற வாய்ப்பும் சுருங்கும். நமக்கென்று தனி அலைவரிசை வைத்தால் நம்மை நாம் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1993இல் ஹீரோ கிண்ணக் கிரிக்கெட் போட்டியை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அரசு மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1995 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வானலைகள் பொதுச் சொத்து, அவை பொதுமக்களின் நன்மைக்காகவே பயன்பட வேண்டும் என்றது நீதிமன்றம். அரசாங்கம் அவற்றைத் தன் ஏகபோகமாக வைத்திருக்க முடியாது என்றும், சுதந்திரமான ஒரு பொது அதிகாரசபை அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் சொன்னது. அரசுக்கும் ஓர் எல்லை, பணத்துக்கும் ஓர் எல்லை.

பிறகு கிரிக்கெட் முழுவதும் தனியார் அலைவரிசைகளுக்குப் போய்விடும் நிலை வந்தபோது 2007இல் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுப் போட்டிகளின் உரிமையை யார் வாங்கினாலும், அந்த ஒளிபரப்பைப் பொது ஒலிபரப்பான பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருமானத்தில் 75 வீதத்துக்குக் குறையாத பங்கு உரிமையாளருக்குச் சேரும். கேபிள் இல்லாத கிராமத்து வீட்டுக்காரரும் தன் நாட்டின் ஆட்டத்தைப் பார்க்கிறார். பணம் போட்டவருக்கும் பணம் கிடைக்கிறது. இங்கிலாந்திலும் 1996ஆம் ஆண்டின் சட்டப்படி ஒலிம்பிக், விம்பிள்டன் இறுதிப் போட்டி போன்ற சிலவற்றைக் கட்டணமில்லாத அலைவரிசைகளுக்கு எட்டாமல் பூட்டிவைக்க முடியாது.

எங்கள் நாட்டில் 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்க ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. அந்தச் சபை அரசாங்கத்தின் கைக்குள் இருக்கும்படி அமைந்திருந்ததால் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. பொது ஒலிபரப்பு வேறு, அரசாங்க ஒலிபரப்பு வேறு என்பதை அன்றே அத்தீர்மானம் நினைவூட்டியது. அந்த வேறுபாட்டை நாம் இன்னும் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை.

'அமானிதம்' என்ற சொல் நமக்குப் புதியதல்ல. ஒருவர் கையில் இருக்கும், ஆனால் அவருக்குச் சொந்தமில்லை. கேட்கும் உரிமை சொந்தக்காரருக்கு எப்போதும் உண்டு. வானலை பொதுச் சொத்து என்று நீதிபதிகள் சொன்னதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல சொல் கிடையாது. ஆட்சியில் இருப்பவரிடமும் அது அமானிதம். அனுமதிப் பத்திரம் பெற்ற முதலாளியிடமும் அது அமானிதமே.

இன்றைய முல்லைத்தீவில்

போர் 2009இல் முடிந்தது. அதன் பின்னர் எங்கள் மக்களில் ஒரு பகுதியினர் ஊருக்குத் திரும்பினார்கள். காடு மூடிய காணிகளைத் துப்புரவாக்கினார்கள், பள்ளிவாசல்களைத் திருத்தினார்கள். மின்கம்பங்கள் வந்தன. இன்று முல்லைத்தீவில் தகரக் கூரை வீட்டிலும் டிஷ் தெரிகிறது. சென்னையின் தொடர்கள் இரவு தவறாமல் வருகின்றன. கையடக்கத் தொலைபேசியில் மற்றவையெல்லாம் வருகின்றன. இனி யாரும் வெளியே நிற்கவில்லை என்று தோன்றலாம்.

ஆனால் வருபவை எவை என்று பாருங்கள். சென்னையில் தங்க விலை என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். முள்ளியவளை வாரச் சந்தையில் கத்தரிக்காயின் விலை எந்த அலைவரிசையிலும் வராது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. அப்படிப்பட்ட இரவில் எங்கள் கரையோர மீனவருக்கு வேண்டியது நடனப் போட்டியின் இறுதிச் சுற்று இல்லை. காற்று எத்தனை வேகம், எப்போது, எந்தத் திசை என்பதை அவர் மொழியில் சொல்லும் ஒரு குரல். கோபுரம் விழுந்து கைத்தொலைபேசி செத்துப்போனாலும் சின்ன வானொலியில் கேட்கக்கூடிய குரல்.

அதே 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பட்டணத்துப் பிள்ளைகள் இணையத்தில் படித்தார்கள். ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதையும் வாப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு அரச தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பாடங்கள்தான் மிஞ்சின. ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பாடங்களில் குறை இருந்தது. வேகமாக ஓடின, கேள்வி கேட்க வழி இருக்கவில்லை. ஆனாலும் கட்டணம் கேட்காமல் வீட்டுக்குள் வந்தன. தமிழ்நாட்டில் அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் அந்த மாதங்களில் இதே பணியைச் செய்தது. இப்படிப்பட்ட நாளில் கைகொடுக்கப் பொது நிலையம் ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். ஆபத்து வந்த பின்னர் புதிதாக ஒன்றைக் கட்ட முடியாது. சாதாரண நாட்களில் பாட்டும் நாடகமும் போட்டியும் கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தால்தான் அசாதாரண நாளில் மக்கள் அந்த அலைவரிசையைத் தேடுவார்கள். நல்ல நிகழ்ச்சிகளைத் தனியாரிடம் விட்டுவிட்டு, எச்சரிக்கையையும் பாடத்தையும் மட்டும் அரச நிலையம் வைத்திருக்கட்டும் என்று சொல்பவர்கள், வெறும் மருந்துக் கடையாக மட்டும் ஒரு வீட்டை நடத்தச் சொல்கிறார்கள். நோய் வந்தால் மட்டுமே போகிற வீட்டின் வழி நாளடைவில் மறந்துபோகும்.

நாம் செய்யக் கூடியது

முதலாவதாக, நமக்கென்று உள்ள நிகழ்ச்சிகளை நாம் கேட்க வேண்டும். முஸ்லிம் சேவையைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர்களில் எத்தனை பேர் கடந்த மாதம் அதைக் கேட்டார்கள்? கேட்போர் இல்லாத நிகழ்ச்சியைக் குறைக்க எந்த நிர்வாகிக்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, கடிதம் எழுத வேண்டும். முன்னொரு காலத்தில் நேயர்களின் அஞ்சலட்டைகளை வாசிக்கவே வானொலியில் தனியாக நேரம் வைத்திருந்தார்கள். இன்று ஒரு நிகழ்ச்சி நன்றாக இருந்தால் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம், பிழை வந்தால் மட்டும் கூச்சல் போடுகிறோம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் பாடசாலைகளும் எழுதலாம். வன்னி முஸ்லிம்களின் வாழ்வு, வன்னித் தமிழரின் வாழ்வு, விவசாயம், கடல் தொழில் ஆகியவை பற்றி நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

மூன்றாவதாக, நம் பிள்ளைகளில் குரல் வளமும் மொழி வளமும் உள்ளவர்களை இத்துறைக்கு அனுப்பத் தயங்கக் கூடாது. "அது நமக்குச் சரிவராது" என்று ஒதுங்கினால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து நம்மைப் பற்றிப் பேசுவார். அப்துல் ஹமீட் போன்ற ஒருவர் உருவாக ஒரு சிறுவனை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்திப் பழக்கிய பொது நிலையம் ஒன்று தேவைப்பட்டது. தனியார் நிலையம் பழுத்த பழத்தைத்தான் பறிக்கும். நாற்று நட்டுத் தண்ணீர் ஊற்றப் பொதுத் தோட்டம் வேண்டும்.

நான்காவது வீட்டுக்குள் செய்ய வேண்டியது. நிகழ்ச்சிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைப் பெயரைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பாட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், அந்தப் பணத்தை நம்மிடமிருந்து எப்படித் திரும்ப எடுக்கிறார்கள் என்று பேசுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும். விளங்கிய பிள்ளை பாட்டையும் ரசிக்கும், கடைக்காரனிடமும் ஏமாறாது.

நிகழ்ச்சிகள் போகும், வரும். அறிவிப்பாளர்களும் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் கட்ட முடியாதவரும், டிஷ் பூட்ட முடியாதவரும், விளம்பரக்காரருக்குத் தேவைப்படாத சிறிய சமூகமும் வந்து உட்கார ஒரு பொதுத் திண்ணை எப்போதும் இருக்க வேண்டும். அந்தத் திண்ணையில் அடிக்கடி நாமும் போய் உட்கார வேண்டும். ஆள் வராத திண்ணையை இடித்துக் கடை கட்டுவது உலக வழக்கம்.